நாங்கள் சுகம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் செல்போனுக்குத் தடை. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகள் அவ்வளவு மெலிந்தவை. யாராவது ஒருவர் பையில் செல்போன் சிணுங்கினால் தொலைநோக்கிக்கு அது காதுக்குள் வெடி வெடித்த மாதிரி. அதனால் வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஒரே ஒரு கம்பித் தொலைபேசி இருக்கிறது. அதற்கு எப்போதும் வரிசை, பின்னால் நிற்பவர் நம் பேச்சைக் கேட்டுத் தலையாட்டுவார். கணினியில் எழுதலாம்தான். ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் குளிர்கிடங்கின் கணினிக்கு வருவதையெல்லாம் மேனேஜர்தான் முதலில் படிக்கிறார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். வாரம் ஒரு வண்டி வந்து தபாலை எடுத்துப்போகிறது. ஆகவே தாளும் பேனாவும்.

அறை சின்னது. கட்டில், மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலில் வெள்ளை வெள்ளையாகத் தட்டுகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. சுவர் மெல்லிசு. பக்கத்து அறை எலக்ட்ரீஷியன் தும்மினால் நான் நூறு ஆயுசு சொல்கிறேன்.

என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டபோது பஸ் கிளம்பிவிட்டது. இப்போது சொல்கிறேன். கேலக்ஸிகள் அண்டத்தில் சீராகப் பரவிக் கிடக்கவில்லை. சில இடங்களில் கூட்டம், நடுவே பிரம்மாண்டமான காலியிடங்கள். வெற்றிடம் என்கிறோம். ஒளியே அதைக் கடக்கக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். அண்டம் பிறந்தபோது இருந்த வெளிச்சம் ஆறிப்போய், இன்றும் மைக்ரோவேவாக எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பழைய வெளிச்சத்தில் இந்த வெற்றிடங்கள் தடம் ஏதாவது விட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பஸ் ஏற்றிவிடும்போது அண்ணன் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. "ஒண்ணுமே இல்லாத இடத்தைத் தேடுறதுக்குச் சம்பளமா? நம்ம வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டியிருப்பேனே!"

அம்மா போனபோது எனக்குப் பதினொரு வயது. நீங்கள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து என் காய்ச்சல், பரீட்சை, அழுகை எல்லாம் உங்கள் தலையில்தான். எனக்கு வீடு என்றால் அது நீங்கள் இருக்கிற இடம். அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். தாமதமானாலும் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

அண்ணனை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

*

ஜனவரி 30

நாத்தனார் அவர்கள் சமூகத்துக்கு,

இங்கே நாங்கள் சுகம். அங்கே நீயும் சுகமென்று எழுதினால் இன்னும் கொஞ்சம் சுகம்.

உன் கடிதத்தை உன் அண்ணன் இரண்டு தடவை படித்தார். "முழங்காலைக் கேட்டிருக்கா பாரு" என்று ஒரே பெருமை. ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்குகிற மெக்கானிக், சொந்த வீட்டு இரண்டாம் மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். கீழ்வீட்டுக்காரர் தினமும் சிரிக்கிறார்.

"அவளுக்குச் சாப்பாடு ஒழுங்காக் கிடைக்குதான்னு கேளு" என்றார். "நீங்களே கேளுங்களேன்" என்று பேனாவை நீட்டினேன். பேனாவை ஏதோ கடிக்கிற பிராணி மாதிரி பார்த்துவிட்டு டி.வி.யைப் போட்டுக்கொண்டார். ஆகவே அவர் சார்பில் நான் கேட்கிறேன்: சாப்பாடு எப்படி?

உன் வெற்றிட விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கிடங்கில் ஆறு குளிர் அறை. ஆப்பிளும் உருளைக்கிழங்கும் செத்த சாமான் இல்லை, உள்ளே அடுக்கி வைத்தாலும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். மூச்சு விட்டால் சூடு. நிறைந்த அறையைக் குளிரவைக்க கம்ப்ரசர் முக்கி முனகும். இப்போது நாலாம் அறை காலி. அது சொன்னவுடன் குளிர்ந்துவிடுகிறது. காலி என்றால் குளிர். உன் வெற்றிடமும் அப்படித்தான் இருக்கும். இதற்கு உன்னை எதற்கு அவ்வளவு தூரம் இழுத்தார்கள்? என்னைக் கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லியிருப்பேன்.

போர்வையை ஒழுங்காகப் போர்த்திக்கொள். உனக்குச் சளி பிடித்தால் பத்து நாள் ஊருக்கே கேட்கும்.

இப்படிக்கு,
உன் அண்ணி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகமே. நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே? சாப்பாடு வயிற்றை நிரப்புகிறது, நாக்கைக் கண்டுகொள்வதில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் நாலாம் அறையை மதிய உணவின்போது எல்லாரிடமும் சொன்னேன். சிரித்தார்கள். ஆனால் அண்ணி, விடை சரி, வழி தப்பு. பரீட்சையில் பாதி மார்க்தான்.

அந்தப் பழைய வெளிச்சம் வெற்றிடத்தில் தங்குவதில்லை, கடந்துபோகிறது. உள்ளே நுழையும்போது வெளியே இருக்கும் கேலக்ஸிக் கூட்டமெல்லாம் அதைப் பின்னாலிருந்து இழுக்கும். மேடு ஏறுகிற மாதிரி. ஏறினால் சக்தி குறையும். மறுபக்கம் வெளியே வரும்போது எதிரே இருக்கும் கூட்டம் தன் பக்கம் இழுக்கும். அது இறக்கம். இழந்தது திரும்பிவிடும். கணக்கு நேராக வேண்டியதுதான். ஆனால் கடந்து முடிவதற்குள் யுகம் போய்விடுகிறதே! அதற்குள் அண்டம் மேலும் மேலும் வேகமாக விரிந்து, அந்த மேடே தாழ்ந்துவிடுகிறது. ஏறியது பெரிய மேடு, இறங்குவது சின்ன மேடு. கொடுத்ததெல்லாம் திரும்பவில்லை. அந்தக் குறைதான் குளிராகத் தெரியும்.

எவ்வளவு குளிர் என்று கேட்காதீர்கள். ஒரு டிகிரியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் சில கூறு. ஒரே ஒரு வெற்றிடத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது. பழைய வெளிச்சத்திலேயே ஏற்றத்தாழ்வு உண்டு, அது இதை விழுங்கிவிடும். ஆகவே நூற்றுக்கணக்கான வெற்றிடங்களின் படத்தை வெட்டி, நடுப்புள்ளி பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி எடுக்கிறோம். தற்செயலாக இருப்பவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது மட்டும் மிஞ்சும்.

எங்கள் குழுத் தலைவருக்கு இங்கே பெயர் 'ஆனால்'. எதைச் சொன்னாலும் "ஆனால்" என்றுதான் ஆரம்பிப்பார். "சாப்பிட்டீங்களா சார்?" என்றால்கூட "ஆனா, நீ ஏன் கேக்குற?"

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

*

மார்ச் 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

பதில் தாமதம். கிடங்கில் வேலை அதிகம், நாலாம் அறைக்கும் சரக்கு வந்துவிட்டது. உன் அண்ணன் வேலை விஷயமாக வெளியூர்.

பாதி மார்க் போட்டதற்கு நன்றி. மேடு தாழ்ந்துபோகிற விஷயம் புரிந்தது. இரண்டு தடவை படித்தேன்.

இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திவிட்டேன். காலையில் முகத்தில் வெயில் விழுகிறது, அலாரம் வேண்டியதில்லை. சமையலும் குறைந்துவிட்டது. ஒரு வேளை வைத்தால் இரண்டு வேளைக்கு வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணி

*

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம், அதுவும் குதித்துக்கொண்டு சுகம். நீங்கள் இருவரும் நலமா?

குளிர் தெரிகிறது! படங்களை அடுக்கிச் சராசரி எடுத்ததும் நடுவில் ஒரு நீலத் திட்டு வந்தது. கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடச் சில மடங்கு அதிகம். அப்படியென்றால் மேடு நாம் நினைத்ததைவிட வேகமாகத் தாழ்கிறது. அண்டத்தைப் பற்றிய கணக்கில் எங்கேயோ ஓட்டை. இது நின்றால் உங்கள் நாத்தனார் பெயர் நாலு பேருக்குத் தெரியும். 'ஆனால்' படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "ஆனா" என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமலே போய்விட்டார். அது இங்கே பாராட்டு.

அண்ணன் எந்த ஊரில்? எத்தனை நாள்? முழங்காலை வைத்துக்கொண்டு அலைகிறாரா? கட்டிலை ஜன்னலோரம் போட்டால் அவர் குதிப்பாரே! வெளிச்சம் பட்டால் தூக்கம் வராது என்றுதானே இத்தனை வருஷம் அது சுவரோரம் கிடந்தது? நான் படிக்க விளக்குப் போட்டால்கூடத் தலையணையை எடுத்து வீசுவார். திரும்பி வந்ததும் சண்டை நிச்சயம். யார் ஜெயித்தது என்று எழுதுங்கள்.

நீலத் திட்டை அவரிடம் காட்டத்தான் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

*

மே 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே சுகம். அங்கே சுகந்தானே?

படம் வந்தது, ஒட்டிவிட்டேன். நீலமாக அழகாக இருக்கிறது. இதைப் பார்க்க நீ பட்ட பாட்டை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை நேரில் சொன்னால் நீ தலைகால் தெரியாமல் ஆடுவாய், அதனால் எழுதுகிறேன்.

கிடங்கில் ஒரு கூத்து நடந்தது. நாலாம் அறைத் தெர்மாமீட்டர் சரியான குளிரைக் காட்டிக்கொண்டே இருந்தது. சரக்கோ உள்ளே வாடிக்கொண்டிருந்தது. மேனேஜர் கம்ப்ரசரைத் திட்டினார், பெட்டி அடுக்கினவர்களைத் திட்டினார், கடைசியில் வானிலையைத் திட்டினார். நான் போய்ப் பார்த்தால் தெர்மாமீட்டர் குளிர்காற்று வருகிற வாய்க்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. அறை காலியாக இருந்தபோது யாரோ அங்கே மாட்டியது. அது அறையின் குளிரைச் சொல்லவில்லை, தன் மூஞ்சியில் அடிக்கிற காற்றைச் சொல்கிறது. இடம் மாற்றி மாட்டினோம். அதுவே ஒரு நாள் வேலை. அப்புறம் வாடின பெட்டிகளைப் பொறுக்கி வெளியே எடுத்தது இரண்டு நாள். இடுப்பு ஒடிந்தது.

கீழ்வீட்டுக்காரர் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தண்ணீர்க் குழாய் ஒழுகியது, நானே வாஷர் மாற்றினேன். அந்தப் பெண் தன் போனில் காட்டிய யூடியூபில் ஒருவர் அழகாகச் சொல்லித் தருகிறார்.

உன் அண்ணன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அண்ணி

*

ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இடுப்பு வலி எப்படி? தனியாகப் பெட்டி தூக்காதீர்கள்.

நீலத் திட்டுக்கு ஆபத்து வந்திருக்கிறது. 'ஆனால்' ஒரு நாள் என் மேசைக்கு வந்து கேட்டார். "ஆனா, எந்த அளவுக்கு மேல இருந்தா வெற்றிடம்னு எடுத்துக்கிட்டே?" சொன்னேன். "அந்த அளவை எப்ப முடிவு பண்ணினே? படம் பாக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடிதான். நாலைந்து அளவு போட்டுப் பார்த்தேன், நன்றாகத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டேன். அது தப்பென்று தோன்றவே இல்லை. நமக்கு வேண்டியதைக் காட்டுகிற அளவுகோலை நாமே பொறுக்கிவிட்டு, பார் பார் என்று குதித்திருக்கிறேன். இப்போது முதலிலிருந்து செய்ய வேண்டும். அளவை முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். படங்களை வேறொருவர் அடுக்குவார். முடிவை எனக்குக் கடைசியில்தான் காட்டுவார்.

குழாய்க்கு நீங்களே வாஷர் மாற்றியது எனக்கு ரொம்பப் பிடித்தது. நீங்கள் சரியாகச் சாப்பிடுங்கள். ஒரு வேளை சமையலை இரண்டு வேளைக்கு இழுக்க வேண்டாம். உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

*

ஜூலை 3

அன்புள்ள உனக்கு,

சுகம்.

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டிருக்கிறாய். ஜனவரியிலிருந்து நீ எழுதிய எல்லாவற்றிலும் 'நீங்கள் இருவரும்' இருந்தது. இதில் 'இருவரும்' இல்லை. முழங்கால் இல்லை. எந்த ஊர் என்று நச்சரித்த ஆள், ஒரு தடவைகூட அண்ணன் என்று எழுதவில்லை. என் இடுப்பை மட்டும் கேட்டிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான்தான் பாடுபடுகிறேன் என்று நினைத்தேன். நீயும் இன்னொரு பக்கம் மறைத்துக்கொண்டிருக்கிறாய்.

எப்போது தெரியும்?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் பையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். "வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு" என்றார்.

"நாம எப்பப் போறோம்?" என்று கேட்டேன்.

"நாமன்னு நான் சொல்லலையே" என்றார்.

அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடுமே என்று போய் அணைத்துவிட்டு வந்தேன். அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று அப்புறம் தெரிந்தது. அவளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இருவரும் சம்மதம் என்றதால் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், இந்த மாதக் கடைசியில் கோர்ட்டில் விவாகரத்து முடிந்துவிடும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லிவிட்டால் நான் உனக்கு யார்? அண்ணன் இருந்தால்தான் அண்ணி. அந்தச் சொல்லைக் கொஞ்ச நாளாவது வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பொய் எழுதக் கை வரவில்லை, அதனால் 'யாவரும்' என்று எழுதினேன். அப்புறம் அதுவும் வரவில்லை. விசாரித்தார் என்று எழுதினேனே, அது ஒன்றுதான் பச்சைப் பொய். அதற்கு மன்னித்துவிடு.

இப்படிக்கு,

*

ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம் இல்லை. உங்கள் கடிதம் 'இப்படிக்கு' என்பதோடு நின்றிருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று. அழுதேன்.

மே கடைசியில் தெரியும். உங்கள் முதல் கடிதத்தில் 'நாங்கள் சுகம்', அப்புறம் 'யாவரும் சுகம்', அப்புறம் வெறும் 'சுகம்'. ஒன்றை மட்டும் படித்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மூன்றையும் சேர்த்து வைத்துப் படித்தபோதுதான் 'நாங்கள்' எங்கே போனது என்று திக்கென்றது. கட்டிலைப் பற்றி நான் எழுதிய விளையாட்டுக் கேள்வியை நினைத்து வெட்கமாக இருந்தது. தொலைபேசி வரிசையில் நின்று லிஃப்ட் கம்பெனியைக் கூப்பிட்டேன். வேறொரு எண் கொடுத்தார்கள். அண்ணன்தான் எடுத்தார்.

"நல்லா இருக்கியா?" என்றார்.

"இருக்கேன். நீங்க எங்க இருக்கீங்க?"

"அண்ணி எழுதலையா?"

"இல்ல."

"அவ எழுதியிருப்பான்னு நெனைச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில், பின்னால் எலக்ட்ரீஷியன் நிற்பதுகூட மறந்துவிட்டது. "உங்க முழங்காலும் அவங்கதான் எழுதணும், நீங்க விட்டுட்டுப் போனதும் அவங்கதான் எழுதணுமா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் தன் முறையை விட்டுக்கொடுத்து, "இன்னொரு தடவை வேணும்னா பேசிக்கோங்க" என்றார். நான் பேசவில்லை.

தெரியும் என்று உங்களுக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் நிறுத்திவிடுவீர்களோ என்று பயம். உங்களுக்கு இருந்த அதே பயம்தான். இரண்டு பேரும் ஒரே கதவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அகராதியில் பார்த்தேன். அண்ணுதல் என்றால் நெருங்குதல், சேர்தல். அந்த வினையிலிருந்து வருகிற 'அண்ணி' என்றால் 'நெருங்கி'. நடுவில் அண்ணனே வேண்டியதில்லை.

வெற்றிட முடிவு வந்துவிட்டது. குளிர் இருக்கிறது. நான் குதித்த அளவுக்கு இல்லை, பாதிக்கும் கீழே. கணக்கில் ஓட்டை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்குப் புகழ் போனது, திட்டு தங்கியது. 'ஆனால்' இதை எழுதி வெளியிடச் சொல்லிவிட்டார்.

நீங்கள் இங்கே வாருங்கள். லீவு போடுங்கள். விருந்தினர் அறை இருக்கிறது. குடும்பத்தினருக்கு மட்டும் என்று விதி, நான் விண்ணப்பம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள வாயாடிக்கு,

சுகம். உன் சளி எப்படி? அழுதால் உனக்கு உடனே மூக்கடைக்கும்.

அகராதியைப் படித்துச் சிரித்தேன். அதை எழுதினவருக்கு நாத்தனார் இல்லை போலிருக்கிறது.

கோர்ட்டில் முடிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உன் அண்ணன் எதிரே நின்றார். முழங்கால் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

நான் வரவில்லை. குடும்பத்தினருக்கு மட்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். பொய் சொல்லி ஒரு இடத்தில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. இன்னொன்றும் இருக்கிறது, அதை யோசித்துத்தான் எழுதுகிறேன். அவர் உனக்கு ரத்தம். நாளைக்கு வாசலில் வந்து நின்றால் நீ கதவைச் சாத்த முடியாது, சாத்தவும் கூடாது. சாத்தினால் நானே உன்னைத் திட்டுவேன். அவர் வந்தால் கூட அவளும் வருவாள். முறைப்படி அவள்தான் இனி உனக்கு அண்ணி. ஒரு வாய்க்கு இரண்டு அண்ணி எதற்கு? உனக்கு அந்தச் சங்கடம் வருவதற்குள் நானே ஒதுங்கிக்கொள்கிறேன்.

கடைசிக் கடிதம் என்று எழுத மனசு வரவில்லை. அடுத்ததற்கு அவசரமில்லை என்று மட்டும் வைத்துக்கொள்.

வயிறு வாடாமல் சாப்பிடு.

இப்படிக்கு,
மேற்பார்வையாளர், குளிர்கிடங்கு

*

செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

மூக்கடைப்பு சரியாகிவிட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

மேற்பார்வையாளருக்குப் பதில் எழுத எனக்கு விஷயமில்லை, அதனால் அண்ணிக்கே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தோடு விருந்தினர் அறைக் காப்பாளரிடம் போனேன். விண்ணப்பத்தில் 'வருபவர் என்ன உறவு' என்று ஒரு கட்டம். அண்ணி என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அண்ணன் பேரைக் காணோமே?"

"அவர் வரல."

"அவர் இல்லாம அண்ணி மட்டுமா? அது எப்படிம்மா?"

"அவர் வழியாத்தான் வந்தாங்க சார். அப்புறம் அவர் போயிட்டார். இவங்க போகல."

அவர் பேனாவை மூடினார். அப்புறம் இன்னொரு தடவை திறந்து கையெழுத்துப் போட்டார். "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். அவங்க லீவைப் பொறுத்தது என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை அண்ணி. தாராளமாகத் தூங்கலாம். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வண்டியில் இடம் சொல்லியிருக்கிறேன். வாசலில் செல்போனை வாங்கிக்கொள்வார்கள், சண்டை போடாதீர்கள்.

நீங்கள் யோசித்து எழுதியதை நானும் யோசித்தேன். அண்ணன் வந்தால் கதவைத் திறப்பேன். உட்காரச் சொல்வேன், தண்ணீர் கொடுப்பேன், முழங்காலைக் கேட்பேன். கோபம் தீர்ந்த பிறகு சிரிக்கவும் செய்வேன், அவர் என் அண்ணன்தான். கூட வருகிறவரையும் உட்காரச் சொல்வேன். அவரைப் பெயர் சொல்லி, வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். அண்ணி என்று கூப்பிட மாட்டேன். அந்த இடம் காலி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்